பூனையும் எலியும்: ஓர் அறவியல் நோக்கு

1

அறத்தைப் பற்றி ஆராய்வோர் பெரும்பாலும் பெரிய எடுத்துக்காட்டுகளையே நாடுவர். அரசன் வழங்கும் தீர்ப்பு, போரின் நியாயம், துறவியின் கொல்லாமை என்பனவே அறவியல் நூல்களில் மீண்டும் மீண்டும் பேசப்படுவன. ஆயினும், ஒரு சமுதாயம் எதனை நீதியென உள்ளூர நம்புகின்றது என்பதை அறிய விரும்புவோர், அது தன் பிள்ளைகளுக்குக் கூறும் கதைகளையும் அது வாய்விட்டுச் சிரிக்கும் காட்சிகளையும் நோக்குதல் வேண்டும். அத்தகைய கதைகளுள் பூனையையும் எலியையும் பற்றியவை தனியிடம் பெறுவன.

பூனைக்குக் கொண்டாட்டம், எலிக்குத் திண்டாட்டம் என்பது நம்மவர் பழமொழி. பொய்த் தவசியை உருத்திராக்கப் பூனை என்கின்றோம். ஏழாம் நூற்றாண்டிற் பல்லவர் மாமல்லபுரத்துப் பாறையிற் செதுக்குவித்த பெருஞ் சிற்பத் தொகுதியிலே, கைகளை உயர்த்தித் தவஞ்செய்யும் பூனையொன்றும் அதன் அருகே எலிகளும் காட்சிதருகின்றன. மகாபாரதத்துச் சாந்தி பருவத்தில், ஆபத்துக் காலத்து அறம் யாதெனத் தருமன் வினவியபொழுது வீட்டுமர் அவனுக்குக் கூறிய கதைகளுள் ஒன்றும் பூனையும் எலியும் பற்றியதே. வலியவர்க்கும் மெலியவர்க்கும் இடையே நிகழ்வனவற்றைச் சிந்தித்தற்கு இவ்விரு உயிர்களும் நெடுங்காலமாகவே நமக்குத் துணைசெய்து வந்துள்ளன எனலாம்.

இருபதாம் நூற்றாண்டு இக்கதையை அசையும் சித்திரமாக்கி உலகெங்கும் பரப்பியது. வில்லியம் ஹன்னா, ஜோசப் பாபரா என்னும் இருவர் அமெரிக்காவின் எம்.ஜி.எம். நிறுவனத்தில் உருவாக்கிய 'ரொம் அன்ட் ஜெரி' படத் தொடரை அறியாத பிள்ளைகள் இன்று அரியர். மொழியின் துணை பெரும்பாலும் வேண்டாத படங்களாதலின் அவை எந்நாட்டுக் குழந்தைக்கும் விளங்கின. அப்படங்களைப் பார்க்கும்பொழுது நாம் அனைவரும் எலிக்காகச் சிரிக்கின்றோம். பூனை அடிபடும்பொழுது நீதி நிலைபெற்றதாக மகிழ்கின்றோம். இங்கே ஒரு வினா எழுகின்றது. எலிக்காகச் சிரிக்கும் நாம், வாழ்க்கையில் எலியின் பக்கந்தான் நிற்கின்றோமா? இவ்வினாவை முதலில் அப்படங்களை வைத்தும், பின்னர் யாழ்ப்பாணத் தீவகத்தைச் சேர்ந்த புங்குடுதீவின் அண்மைக்கால வரலாற்றை வைத்தும் ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

முதற்கண் சிரிப்பின் இயல்பினை நோக்குவோம். நகை தோன்றும் நிலைக்களன்கள் நான்கு எனக் கூறும் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், பிறரை எள்ளுதலை அவற்றுள் முதலாவதாக வைக்கின்றது. எண்வகை மெய்ப்பாடுகளுள் நகைக்கு அடுத்த இடத்தில் அழுகை வைக்கப்பட்டிருத்தலும் மனங்கொள்ளத்தக்கது. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் மிகச் சிறிது. ஒருவன் வழுக்கி விழுகின்றான், சிரிக்கின்றோம். அவன் எழவில்லை; சிரிப்பு நின்றுவிடுகின்றது. பிரெஞ்சுத் தத்துவஞானி ஹென்றி பேர்க்சன் சிரிப்பைப் பற்றி 1900 இல் வெளியிட்ட நூலிலே, நகைச்சுவை முழுமையாகத் தொழிற்படுதற்கு நம் நெஞ்சு சிறிது நேரம் உணர்விழந்து மரத்திருத்தல் வேண்டும் என்னும் கருத்தை நிறுவுகின்றார்.

ஹன்னாவும் பாபராவும் இவ்வுண்மையை நன்கு அறிந்தவர்கள். 1940 முதல் 1958 வரை வெளிவந்த அவர்களுடைய 114 குறும்படங்களிலே பூனை பெறாத அடி இல்லை. அதன் மீது இரும்பு விழுகின்றது. வால் பொறியில் அகப்படுகின்றது. உடல் தட்டுப்போலத் தட்டையாகின்றது. வெடிமருந்தால் முகம் கரியாகின்றது. ஆயின் அடுத்த காட்சியிலே அப்பூனை முன்போல முழு உடலோடு எழுந்து ஓடுகின்றது. தழும்பு என்பது அவ்வுலகில் இல்லை. நேற்றைய அடி இன்று நினைவிலும் இல்லை. இந்நிபந்தனையின் மேலேதான் அச்சிரிப்பு முழுவதும் கட்டப்பட்டுள்ளது. ஒரேயொரு காட்சியிற் பூனையின் முறிந்த கால் முறிந்தபடியே இருந்துவிடுமாயின், பின்வரும் காட்சிகளைப் பார்த்து யாரும் சிரியார்.

ஆகவே, இத்தகைய படங்கள் குழந்தைகளைக் கொடியவராக்கும் என்று கூறுவோர்க்கு நாம் உடன்படவேண்டியதில்லை. காயமில்லாத உலகத்தையும் காயமுள்ள உலகத்தையும் பிரித்தறியும் ஆற்றல் ஐந்து வயதுக் குழந்தைக்கும் உண்டு. வீட்டுப் பூனையின் கால் கதவிடுக்கில் நசுங்கினால் அக்குழந்தை அழுகின்றது. ஆய்வுக்குரியது வேறொன்று. இப்படங்கள் நம்மை எப்பக்கத்தில் அமர்த்துகின்றன என்பதே அது. படம் தொடங்கிய சில நொடிகளுள் நாம் எலியின் கண்களாற் காணத் தொடங்கிவிடுகின்றோம். எலியே பூனையின் பாலைத் திருடிச் சண்டையைத் தொடங்கும் படங்களிலும் நாம் எலியின் பக்கமே. சிறியது என்ற ஒன்றே அதற்கு நம் உள்ளத்தில் நீதிமன்றத் தீர்ப்பைப் பெற்றுக்கொடுத்துவிடுகின்றது. பூனையின் இருக்கையில் அமர்ந்து படம் பார்ப்போர் இல்லை.

3

இத்தொடரின் முதற் படத்தைக் கூர்ந்து நோக்குவார்க்கு இன்னோர் உண்மை புலனாகும். 1940 பெப்ரவரியில் வெளிவந்த 'புஸ் கெற்ஸ் த பூற்' என்னும் அப்படத்திற் பூனையின் பெயர் ஜஸ்பர். எலியைத் துன்புறுத்தி விளையாடும் அப்பூனை ஒரு சாடியை உடைத்துவிடுகின்றது. வீட்டுப் பணிப்பெண், இன்னுமொரு பொருளை உடைத்தால் வெளியே துரத்திவிடுவேன் என அதனை எச்சரிக்கின்றாள். எலி இதனைக் கேட்டுக்கொள்கின்றது. அதன் பின்னர் பூனை நெருங்குந்தோறும் எலி கண்ணாடிக் கிண்ணமொன்றைக் கையில் எடுத்து, கீழே போட்டுவிடுவேன் என்பதுபோல் நிற்கின்றது. பூனையின் நகங்கள் அக்கணமே பயனற்றுப் போகின்றன.

எலி வென்றது தன் வலிமையால் அன்று. பூனைக்கும் மேலே ஓர் அதிகாரம் உண்டென்பதை அறிந்து, அதனைப் பூனையின் மேல் ஏவியதால் வென்றது. எலிக்குமுன் பூனையாக இருந்தது, பணிப்பெண்ணுக்குமுன் எலியாக நடுங்குகின்றது. அப்பணிப்பெண்ணின் நிலை யாது? அவள் ஒரு கறுப்பினப் பெண். இத்தொடரில் அவள் பெரும்பாலும் இடுப்புக்குக் கீழேயே காட்டப்பட்டாள். அவள் முகம் மிக அரிதாகவே காட்டப்பட்டது. அமெரிக்க வெள்ளையர் கறுப்பினப் பணிப்பெண்களைப் பற்றிக் கொண்டிருந்த ஏளனமான வார்ப்பிலேயே அவள் பேச்சும் நடையும் அமைந்தன. கறுப்பின மக்களின் உரிமை அமைப்பினர் இதனைக் கண்டித்தனர். 1952 இன் பின்னர் அப்பாத்திரம் இத்தொடரில் இடம்பெறவில்லை. மெலியவன் வலியவனை வெல்லும் கதையைச் சொல்லி ஏழு ஒஸ்கார் விருதுகளைப் பெற்ற கலைஞர்களே, தம் வீட்டு மெலியவளுக்கு முகம் வரைய மறந்தார்கள். எலிக்கு இரங்கும் நெஞ்சு எல்லா எலிகளுக்கும் இரங்கும் என்பதற்கு உறுதி இல்லை என்பதை இது காட்டுகின்றது.

எனவே, பூனை எலி என்பன காட்டில் இனப்பெயர்கள். மனித வாழ்விலோ உறவுப் பெயர்கள். தந்தை, மகன் என்னும் சொற்களைப் போன்றவை அவை. ஒருவனே ஒருவர்க்கு மகனாகவும் இன்னொருவர்க்குத் தந்தையாகவும் இருத்தல் கூடும். அவ்வாறே ஒருவன் ஓர் உறவில் எலியாகவும், அதே நாளில், அதே முற்றத்தில், இன்னோர் உறவிற் பூனையாகவும் இருத்தல் கூடும். பிரெஞ்சுச் சிந்தனையாளர் சிமோன் வெய்ல், ஐரோப்பா போரில் மூழ்கியிருந்த அதே 1940 ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவரத் தொடங்கிய தம் கட்டுரையிலே, ஹோமரின் இலியட் காவியத்தை வைத்து இதனை ஒத்த கருத்தை ஆராய்ந்தார். வன்மை எவருக்கும் நிலையான உடைமையன்று. அதற்கு ஆட்படுபவனைப் போலவே அதனைக் கையாள்பவனையும் அது உணர்வற்ற பொருளாக்கிவிடுகின்றது என்பது அவர் கண்ட முடிபு. இன்று வென்றவன் தான் என்றும் வென்றிருப்பவன் என மயங்குகின்றான். இன்று தோற்றவனோ தான் எக்காலும் எவரையும் தோற்கடித்ததில்லை என மயங்குகின்றான். இவ்விரண்டாவது மயக்கத்தைப் பற்றி அறவியலார் அதிகம் பேசுவதில்லை. நம்மைப் போன்ற சமுதாயங்களுக்கு அதுவே கூடிய ஆபத்துடையது.

4

இக்கூற்றைத் தூரத்து நாட்டின் படமொன்றில் வைத்து ஒப்புக்கொள்ளல் எளிது. நம் மண்ணில் வைத்துப் பார்க்கும்பொழுதே அதன் கனம் தெரியும். வேலணையோடு தாம்போதியால் இணைக்கப்பட்டதும், நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகேறுவோர் குறிகட்டுவான் இறங்குதுறைக்குச் செல்லும் வழியாக அமைவதுமான புங்குடுதீவு, நாற்புறமும் கடல் சூழ்ந்தும் குடிநீர்க்கு ஏங்கும் தீவாகும். உவர்நீர்க் கிணறுகள் பல. நன்னீர்க் கிணறுகள் சில. ஆகவே அங்கே நன்னீர்க் கிணறு என்பது செல்வம். துலாவும் வாளியும் யார் கையில் உண்டோ அவர் கையிலேயே மற்றவரின் தாகமும் இருந்தது.

யாழ்ப்பாணத்தின் பல ஊர்களில் நிலவிய வழக்கத்தை மூத்தோர் அறிவர். தாழ்த்தப்பட்டோர் என ஒதுக்கப்பட்ட மக்கள் கிணற்றடியிற் குடத்துடன் காத்து நிற்பர். அள்ளும் உரிமையுடைய ஒருவர் வந்து, மனம் இரங்கி, எட்டி நின்று ஊற்றினாலன்றி அவர்களுக்கு நீர் இல்லை. சாதியின் பெயரால் இவ்வாறு தடைவிதித்தலைக் குற்றமாக்கும் சட்டம் இலங்கையில் 1957 இல் நிறைவேற்றப்பட்டது. சட்டம் வந்து பதினான்கு ஆண்டுகளின் பின்னரும், புங்குடுதீவுக் கண்ணகி அம்மன் கோயிற் கிணற்றில் நீர் அள்ளுவதற்காக மக்கள் போராடவேண்டியிருந்தது. அரசனின் அவையிலே தனித்து நின்று நீதி கேட்ட ஒருத்தியின் பெயரால் அமைந்த கோயில் அது என்பதை நினைக்கும்பொழுது, அக்கிணற்றடியில் நீதி மறுக்கப்பட்டமை நெஞ்சை உறுத்துகின்றது.

1971 இல் நடைபெற்ற அப்போராட்டத்தில் முன்னின்றவர் மு. தளையசிங்கம் (1935-1973). அதே தீவிற் பிறந்து, ஆசிரியராகப் பணியாற்றி, 'புதுயுகம் பிறக்கிறது', 'போர்ப்பறை', 'மெய்யுள்' முதலிய நூல்களால் ஈழத்து இலக்கியச் சிந்தனையிற் புதிய தடம் பதித்தவர். நீர் அள்ளும் உரிமை மறுக்கப்பட்டவர்களுள் அவர் ஒருவரல்லர். எந்தக் கூட்டம் வாளியைத் தன் கையில் வைத்திருந்ததோ அந்தக் கூட்டத்திலே பிறந்தவர் அவர். தன் பிறப்பு தன்னைப் பூனையின் இருக்கையில் அமர்த்தியிருக்கின்றது என்பதை உணர்ந்து, அவ்விருக்கையிலிருந்து எழுந்து சென்றார் என்பதே அவர் செயலின் அறச்சிறப்பு. சர்வோதய நெறியை ஏற்ற அவர் அறவழியிலேயே போராடினார். பொலிஸாரின் தாக்குதலுக்கு உள்ளானார். அதன் பின்னர் அவர் உடல்நிலை நலிந்தது. 1973 இல் இளவயதிலேயே மறைந்தார்.

சித்திரப்படத்து உலகுக்கும் அறப்போரின் உலகுக்கும் உள்ள வேறுபாடு இங்கே தெளிவாகின்றது. அங்கே அடி தழும்பு விடுவதில்லை, ஆதலாற் சிரிக்கின்றோம். இங்கே அடி தழும்பு விடுகின்றது. சத்தியாக்கிரகியின் முழு வாதமும் அத்தழும்பிலேயே தங்கியுள்ளது. அடிப்பவன் தான் செய்ததைக் காணவேண்டும் என்பதற்காகவே அவன் அடியை ஏற்கின்றான். ஜெரி என்னும் எலி பூனையை வெல்வதற்குப் பூனையினும் கொடிய பூனையாகிவிடுகின்றது. அறப்போராளியோ எலியையும் பூனையையும் உண்டாக்கிய அந்த உறவையே மாற்ற முயல்கின்றான். இம்முயற்சிக்குக் கொடுக்கப்படும் விலை அவனுடைய சொந்த உடல்.

5

இனி, இருபது ஆண்டுகள் கழித்து அதே தீவின் நிலையை நோக்குவோம். 1991 இல் இராணுவம் தீவுப்பகுதியிற் புகுந்தபொழுது புங்குடுதீவு மக்களிற் பெரும்பாலோர் ஊரைவிட்டு வெளியேறினர். கிணற்றுக்கு உரிமை கொண்டாடியோரும் அவ்வுரிமைக்காக நின்றோரும் ஒரே தாம்போதி வழியே, ஒரே கடல் வழியே, கையிற் கிடைத்ததை எடுத்துக்கொண்டு சென்றனர். பின்னர் அவர்கள் வன்னிக்கும் கொழும்புக்கும், கனடா, பிரான்ஸ், சுவிட்சர்லாந்து முதலிய நாடுகளுக்குமாகச் சிதறினர். வீடுகள் கூரையிழந்தன, பற்றைகள் முற்றத்தை மூடின. அத்தீவின் கவிஞர் சு. வில்வரத்தினம் (1950-2006), மனிதர் நீங்கிய ஊரில் எஞ்சியவற்றைப் பாடி, 1995 இல் வெளியான தம் தொகுதிக்குக் 'காற்றுவெளிக் கிராமம்' என்று பெயரிட்டார். அந்நாட்களில் நாம் எலிகளாயிருந்தோம் என்பதில் ஐயமில்லை. அத்துயரத்தை எவரும் சிறுமைப்படுத்தலாகாது.

ஆயின் அதற்கு ஓராண்டுக்கு முன், 1990 ஒக்டோபரில், வட மாகாணத்து முஸ்லிம் மக்கள் அனைவரும் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாண நகரத்தில் அவர்களுக்கு அளிக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலங்களே. பணமும் நகையும் வீட்டுத் திறப்பும் விட்டுச் செல்லுமாறு பணிக்கப்பட்டனர். வடக்கிலிருந்து அவ்வாறு சென்றோர் சுமார் 75,000 பேர் எனக் கணக்கிடப்படும். அவர்களும் தமிழ் பேசினர். அவர்களுடைய பிள்ளைகளும் நம் பிள்ளைகளோடு ஒரே வாய்பாட்டை மனனஞ் செய்தவர்கள். ஆயுதம் ஏந்தியோர் ஆணையிட்டனர். ஆயுதம் ஏந்தாதோரிற் பெரும்பாலோர் மௌனமாயிருந்தனர். அம்மௌனத்துக்கு அச்சம் ஒரு காரணம் என்பது மெய்யே. ஆயினும் அச்சம் நீங்கிப் பல்லாண்டுகள் கழிந்த பின்னரும் அம்மௌனம் நீடிக்குமாயின் அதற்கு வேறு காரணம் கூறவேண்டும்.

அக்காரணம் யாது? எலி என்ற பெயரை நாம் நிலையான இனப்பெயராக எடுத்துக்கொண்டமையே என்பது இக்கட்டுரையாளனின் கருத்து. ஒடுக்கப்பட்டோம்; ஆகவே ஒடுக்கியவர் ஆகமாட்டோம் என்ற அனுமானம் நம் சிந்தனையில் ஆழப் பதிந்துவிட்டது. தருக்க நெறியில் இது வழுவான அனுமானம். ஓர் உறவில் உண்மையான கூற்றினை எடுத்து எல்லா உறவுகளுக்கும் ஏற்றிக்கூறல் பொருந்தாது. ஒருவன் கடன்பட்டவன் என்பதிலிருந்து அவன் எவருக்கும் கடன் கொடுக்கவேண்டியவனல்லன் என்ற முடிபு வாராதவாறு போல, ஒரு மக்கட்கூட்டம் துன்புற்றது என்பதிலிருந்து அது எவரையும் துன்புறுத்தவில்லை என்ற முடிபும் வாராது.

6

இங்கு ஓர் ஆட்சேபம் எழுதல் இயல்பு. எல்லோரும் பூனை, எல்லோரும் எலி என்று கூறிவிட்டால், குற்றவாளி என ஒருவரையும் சுட்டமுடியாது போய்விடும் அல்லவா? இது வலியவர்க்கு வாய்ப்பான வாதம் அல்லவா? அரசின் வன்முறையைப் பேசுவோரிடம், உங்களூர்க் கிணற்றைப் பாருங்கள் என்று கூறி வாயடைத்தற்கு இது உதவாதா?

இவ்வாட்சேபம் புறக்கணிக்கத்தக்கதன்று. உறவுதோறும் நிலை மாறும் என்று கூறுவது, உறவுதோறும் நிலை தெளிவற்றது என்று கூறுவதாகாது. கிணற்றடியில் வாளி யார் கையில் இருந்தது என்பதில் ஐயமில்லை. தளையசிங்கத்தின் உடலில் விழுந்த அடி யார் கையிலிருந்து விழுந்தது என்பதிலும் ஐயமில்லை. 1990 இற் கட்டளையிட்டவர் யார், 1991 இல் ஊரை வெறுமையாக்கிய படை யாருடையது என்பனவும் தெளிவானவை. ஒவ்வோர் உறவிலும் பூனை ஒன்றே, எலியும் ஒன்றே. ஒரு கணக்கின் பற்றை இன்னொரு கணக்கின் வரவால் அழித்தல் ஆகாது என்பதே நாம் வற்புறுத்துவது. நம் மீது செய்யப்பட்ட கொடுமைக்கு நீதி கேட்டல் நம் உரிமை. நாம் செய்த கொடுமைக்கு விடை கூறல் நம் கடமை. முதலாவதை நிறைவேற்றிய பின்னரே இரண்டாவதைப் பற்றிப் பேசுவோம் என்று கூறுபவர், இரண்டாவதை ஒருகாலும் பேசாது விடுவர். தளையசிங்கம் அவ்வாறு காத்திருக்கவில்லை. தமிழ் மக்களின் உரிமை பற்றிய கேள்விகள் நாட்டில் எரிந்துகொண்டிருந்த ஆண்டுகளிலேதான் அவர் தம் ஊர்க் கிணற்றடிக்குச் சென்றார்.

7

விடை கூறல் என்பது எவ்வாறு? இவ்வினாவைப் பூனையின் இருக்கையில் நம்மை அமர்த்திக் கேட்ட ஒரு படம் இத்தொடரில் உண்டு. 1949 இல் வெளிவந்த 'ஹெவன்லி புஸ்' என்பது அதன் பெயர். எலியைத் துரத்தும் பூனை பியானோவால் நசுக்குண்டு உயிர்விடுகின்றது. இத்தடவை அது எழவில்லை. அதன் ஆவி பொற்படிகளில் ஏறி மறுவுலக வாயிலை அடைகின்றது. இறந்த பூனைகள் பல அங்கே வரிசையில் நிற்கின்றன. ஈரச் சாக்கொன்றிலிருந்து மூன்று சிறு குட்டிகள் வெளியே வருகின்றன. நீரில் அமிழ்த்தப்பட்டவை அவை. வாயிற்காப்போனும் மனிதரின் செயலை எண்ணி வருந்துகின்றான். சிரிப்பதற்கென எடுக்கப்பட்ட படத்தில் இக்காட்சியைக் காணும்போது நம் சிரிப்பு ஒருகணம் தடைப்படுகின்றது. அச்சாக்கின் வாயைக் கட்டிய கை மனிதக் கை. பூனைக்கும் பூனையாக நாம் நிற்கின்றோம்.

ரொம்முக்கு வாயில் திறக்கவில்லை. எலி கையொப்பமிட்ட மன்னிப்புப் பத்திரம் கொண்டுவந்தாலன்றி உள்ளே இடமில்லை எனப்படுகின்றது. அதற்கு ஒரு மணித்தியாலம் தவணை. ரொம் திரும்பி ஓடிவருகின்றது, பண்டம் கொடுத்து எலியை இணக்க முயல்கின்றது, வெகுளுகின்றது, ஈற்றிலே தன் நிலையைச் சைகையால் விளக்கி மன்றாடுகின்றது. எலி இரங்கிக் கையொப்பமிடும் நேரத்தில் தவணை முடிந்துவிடுகின்றது. பின்னர் அனைத்தும் கனவென அறிந்து விழித்த பூனை எலியை அணைத்து முத்தமிடுகின்றது. எலிக்கோ ஒன்றும் விளங்கவில்லை.

இப்படத்தின் அறக்கருத்து ஆழமானது. வலியவனின் கதி மெலியவனின் கையொப்பத்தில் தங்கியுள்ளது என்பது அதன் ஒரு பாதி. அக்கையொப்பத்தை வலியவன் நாடியது எலிக்கு இழைத்த தீங்கினை எண்ணியன்று, தனக்கு வரவிருக்கும் நரகத்தை எண்ணியே என்பது மறுபாதி. நாட்டில் நல்லிணக்கம் என்ற சொல் அடிக்கடி ஒலிக்கின்றது. உள்ளூரில் ஒற்றுமை என்ற சொல் ஒலிக்கின்றது. பல வேளைகளில் அவை ஒரு மணித்தியாலத் தவணையுடன் நீட்டப்படும் பத்திரங்களே. பழையதை மறந்துவிடுங்கள் எனக் கேட்பவர் பெரும்பாலும் வாளியைக் கையில் வைத்திருப்பவராகவே இருக்கின்றார்.

மெலியவன் அப்பத்திரத்தில் ஒப்பமிடக் கடமைப்பட்டவனா? வீட்டுமர் கூறிய கதை இவ்விடத்தில் துணைசெய்கின்றது. ஆலமரத்தடியில் வாழ்ந்த பலிதன் என்னும் எலி, கீழே கீரியாலும் மேலே கூகையாலும் சூழப்பட்டபொழுது, வேடன் விரித்த வலையில் அகப்பட்டிருந்த லோமசன் என்னும் பூனையை அண்டி உயிர்தப்புகின்றது. அதற்குக் கைம்மாறாக வலையை அறுப்பதாக வாக்களிக்கின்றது. பூனை அவசரப்படுத்தியும், வேடன் கண்ணிற் படும்வரை கடைசி இழையை அறுக்காது வைத்திருக்கின்றது. தப்பிய பூனை பின்னர் நட்புரிமை கொண்டாடி அழைக்கும்பொழுது எலி மறுத்துவிடுகின்றது. வாக்கைக் காப்பாற்றினேன், ஆயினும் உன் அருகே வாரேன் என்பதே அதன் நிலை. எலி தீங்கு செய்யவில்லை, பழிவாங்கவில்லை, பொய்யாக நம்பவும் இல்லை. மன்னியாமை வேறு, பழிவாங்கல் வேறு என்பதையும், மெலியவன் அஞ்சுதற்குரிய காரணம் நீங்காதவரை அவனிடம் நம்பிக்கையைக் கேட்டல் முறையன்று என்பதையும் இக்கதை நிறுவுகின்றது.

ஆகவே, பூனையின் இருக்கையில் இருப்பதை உணர்ந்தவன் செய்யத்தக்கது மன்னிப்புப் பத்திரம் தேடி ஓடுதலன்று. எலி அஞ்சுதற்குரிய காரணத்தை நீக்குதலே அவன் முதற் கடமை. கிணற்றடியில் அதன் பொருள் வாளியைக் கைமாற்றுதல். வெளியேற்றப்பட்டோர் திறத்தில் அதன் பொருள், அவர்கள் மீண்டு வந்து குடியேறுதற்கு வழிவிடுதலும், நடந்தது அநீதி என்று நம் நூல்களிலும் மேடைகளிலும் வெளிப்படக் கூறுதலும். அதன் பின்னர் மன்னிப்பதும் மன்னியாது விடுவதும் மற்றவரின் உரிமை. அவ்வுரிமையை மதித்துக் காத்திருத்தலும் அறத்தின் பகுதியே.

பூனையும் எலியும் ஓடும் படத்தைக் கண்டு நம் பிள்ளைகள் இன்னும் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். காயமில்லாத உலகில் அச்சிரிப்பு எவரையும் வருத்துவதில்லை. காயமுள்ள உலகில் வாழும் மாணவரும் ஆசிரியருமாகிய நாம், நமக்கு இழைக்கப்பட்டவற்றை எடுத்துரைக்கும் ஒவ்வொரு முறையும், இவ்வுறவில் வாளி யார் கையில் உள்ளது என்ற வினாவையும் உடன்கேட்டல் வேண்டும். சில உறவுகளில் அது பிறர் கையில் இருக்கும். அங்கே அஞ்சாது நீதி கேட்போம். சில உறவுகளில் அது நம் கையிலேயே இருக்கும். அங்கே பிறர் வந்து கேட்கும்வரை காத்திராது அதனைக் கொடுத்துவிடுதலே அறம் என்பது இக்கட்டுரையின் துணிபு.